கப்பலை விட்டு எங்கே இறங்கிப் போவது? - பாய்மரக் கப்பல் நாவல்களும் அவற்றை எழுதிய மூன்று பேரும்

1801-ம் ஆண்டு, மே 6. பார்சிலோனா கடற்கரைக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வருகின்றன.

ஒன்று, 'ஸ்பீடி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். போர்க்கப்பல் என்று பெயர்தான். அதில் இருந்தவை 14 சின்னப் பீரங்கிகள். அன்றைக்கு இருந்த ஆட்கள், சிறுவர்களையும் சேர்த்து 54 பேர். கேப்டனின் அறை ஐந்தடி உயரம். ஆறடியைத் தாண்டிய கேப்டன் தாமஸ் கோக்ரேன், சவரம் செய்ய வேண்டுமென்றால் அறையின் கூரை ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, மேல்தளத்தையே மேஜையாக்கிக்கொள்வார். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் ஒருசேர முழங்கினால் வெளிவரும் இரும்பு 28 பவுண்டு, 13 கிலோகூட இல்லை. அத்தனை குண்டுகளையும் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவர் தளத்தில் உலாவலாம் என்று கேலியாகச் சொல்வார்கள்.

எதிரே வந்தது ஸ்பெயின் நாட்டின் 'எல் காமோ'. 32 பீரங்கிகள், 319 பேர்.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஸ்பீடி தப்பி ஓடியிருக்க வேண்டும். கோக்ரேன் ஓடவில்லை. முதலில் அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் குழப்பினார். பிறகு தன் சொந்தக் கொடியை ஏற்றிக்கொண்டு, எல் காமோவின் விலாவோடு விலாவாகப் போய் ஒட்டி நின்றார். ஸ்பானியப் பீரங்கிகள் உயரத்தில் இருந்ததால் குண்டுகள் ஸ்பீடியின் தலைக்கு மேலே பறந்து போயின. கடைசியில், சுக்கானைப் பிடிக்கக் கப்பலின் மருத்துவரை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் எதிரிக் கப்பலில் ஏறினார்கள். சண்டை உச்சத்தில் இருந்தபோது ஸ்பெயின் கொடியை இறக்கச் சொன்னார் கோக்ரேன். தங்கள் அதிகாரிகளே சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்த ஸ்பானிய வீரர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். ஸ்பீடியின் தரப்பில் இறந்தவர்கள் 3 பேர்.

இது கதை அல்ல, நடந்தது. ஆனால், இதிலிருந்து கதைகள் பிறந்தன. இரு நூற்றாண்டுகளாகப் பிறந்துகொண்டே இருக்கின்றன. பாய்மரக் காலத்துக் கடற்படை அதிகாரிகளைப் பற்றிய சாகச நாவல்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு தனிக் கிளையே உண்டு. சாண்டில்யனின் 'கடல் புறா'வை அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்த ருசி புதிதல்ல. இந்தக் கிளையில் மூன்று பெயர்கள் முக்கியமானவை. ஃப்ரெடரிக் மரியாட், சி.எஸ்.ஃபாரெஸ்டர், பேட்ரிக் ஓ'பிரையன்.

மூவரும் எழுதியது கடலைப் பற்றித்தான். ஆனால், கொஞ்சம் உட்கார்ந்து படித்தால் தெரியும்... அவர்கள் எழுதியது வீட்டைப் பற்றியும்தான்.

14 அங்குல வாழ்க்கை

பீரங்கிச் சண்டைக்காக இந்த நாவல்களைக் கையில் எடுப்பவர்களுக்கு முதலில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். சண்டை வருவதற்குள் நூறு பக்கங்கள் ஓடிவிடும். அந்த நூறு பக்கங்களில் என்ன இருக்கும்? சாப்பாடு, தூக்கம், சம்பளம், கோபதாபம், யார் யாரோடு பேசவில்லை என்ற கணக்கு.

காரணம் எளிது. டிரஃபால்கர் போரில் நெல்சன் இருந்த 'விக்டரி' கப்பலின் பீரங்கித் தளத்தின் நீளம் 60 மீட்டருக்கும் குறைவு. அதற்குள் 800-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரு மாலுமிக்குத் தூளி கட்ட ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவலுக்குப் போனால்தான் மீதிப் பேர் கொஞ்சம் புரண்டு படுக்க முடியும். மாதக்கணக்கில் அதே முகங்கள், அதே உப்புக்கண்டம், அதே வண்டு அரித்த பிஸ்கட்.

மாமியாரோடு மனத்தாங்கல் என்றால் நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்றால் தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். கப்பலில் அதெல்லாம் நடக்காது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் கதவுக்கு அந்தப் பக்கம் கடல்தான். பிடிக்காதவனோடுதான் கயிறு இழுக்க வேண்டும், அவன் கையை நம்பித்தான் பாய்மரத்தின் உச்சியில் ஏற வேண்டும்.

இந்த நாவல்களின் ஆதாரக் கேள்வி, 'சண்டையில் யார் ஜெயிப்பார்கள்' என்பதல்ல. 'இறங்கிப் போக வழியில்லாத இடத்தில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்' என்பதுதான். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் இது அந்நியமான கேள்வி அல்ல.

நேரில் பார்த்தவர்

முதலாமவர் ஃப்ரெடரிக் மரியாட். 1792-ல் லண்டனில் பிறந்தவர். 14 வயதில் கடற்படையில் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த முதல் கேப்டன் யார் தெரியுமா? அதே கோக்ரேன்தான். 'இம்பீரியூஸ்' என்ற கப்பலில், மிட்ஷிப்மேன் என்ற அதிகாரிப் பயிற்சிச் சிறுவனாக, அவருடைய வித்தைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தார் மரியாட். அந்தக் காலத்தில் 12, 13 வயதில் கப்பலேறுவது வழக்கம். அரும்பு மீசை வராத பிள்ளைகள் தாடி நரைத்த மாலுமிகளுக்கு உத்தரவு போடுவார்கள்.

மரியாட் சும்மா இருந்த ஆள் இல்லை. கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றப் பலமுறை தானே குதித்தவர். வணிகக் கப்பல்கள் கொடிகளால் பேசிக்கொள்ள ஒரு சைகை முறையை 1817-ல் உருவாக்கினார். 1821-ல் செயின்ட் ஹெலினா தீவில், மரணப் படுக்கையில் கிடந்த நெப்போலியனின் உருவத்தை வரைந்தார். 1830-ல் கடற்படையை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார். 'பீட்டர் சிம்பிள்', 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஈஸி' இரண்டும் 1830-களில் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன.

அவருடைய நாவல்களில் சிரிப்பு அதிகம். ஆனால், அந்தச் சிரிப்புக்கு அடியில் அவர் பார்த்த ஒரு கொடுமை இருந்தது. துறைமுகத் தெருக்களில் ஆள்பிடிக்கும் கும்பல் அலையும். கடல்தொழில் தெரிந்தவன் கண்ணில் பட்டால் இழுத்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிவிடும். பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. வருடக்கணக்கில் திரும்ப முடியாது. ஓடினால் சவுக்கடி, சில சமயம் தூக்கு. இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று 1822-ல், கடற்படைப் பணியில் இருந்தபோதே, மரியாட் ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய தந்தை அடிமை உழைப்பில் ஓடிய மேற்கிந்தியத் தோட்டங்களால் செல்வம் சேர்த்தவர். நாடாளுமன்றத்தில் அடிமை ஒழிப்பை எதிர்த்தவர். மாலுமியை வலுவில் பிடித்துப் போவது தவறு என்று எழுதிய மகன் வளர்ந்தது அந்தப் பணத்தில். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்தன.

நம்மூர்க் கரைக்கும் மரியாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1824-ல் தொடங்கிய முதல் பர்மாப் போரில், 'லார்ன்' என்ற கப்பலின் தலைவராக அவர் ரங்கூனுக்குப் போனார். அந்தப் படையெடுப்பில் மதராஸ் படைப்பிரிவுச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள். குண்டடியில் இறந்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தவர்கள் பல மடங்கு. அந்தச் சிப்பாய்களின் வீட்டுக் கதைகளை எழுத ஒரு மரியாட் இருக்கவில்லை.

பயந்த நாயகன்

இரண்டாமவர் சி.எஸ்.ஃபாரெஸ்டர். 1899-ல் எகிப்தின் கெய்ரோவில் பிறந்தவர். இயற்பெயர் செசில் ஸ்மித். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேரப் போனார். மருத்துவப் பரிசோதனையில் இதயம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவம் படித்தார், முடிக்கவில்லை. எழுத்தாளரானார்.

பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கிய சில தொகுதிகள் அவர் வாழ்க்கையை மாற்றின. 1799 முதல் 1818 வரை வெளிவந்த 'நேவல் கிரானிக்கிள்' என்ற கடற்படை இதழின் தொகுதிகள் அவை. கடற்படை அதிகாரிகளே தங்களுக்காக எழுதிக்கொண்ட செய்திகள், கடிதங்கள், வாதங்கள். அதைப் படித்துப் படித்து அந்தக் காலத்துக்குள் போய் வந்தார். 1930-களில் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதப் போனவருக்கு அந்த ஊர் அலுத்தது. ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, மத்திய அமெரிக்கா வழியாக மெதுவாக இங்கிலாந்து திரும்பினார். அந்தப் பயணத்தில் உருவானவர்தான் ஹொரேஷியோ ஹார்ன்புளோயர். முதல் நாவல் 'தி ஹாப்பி ரிட்டர்ன்' 1937-ல் வந்தது.

அதன் கதையைக் கேளுங்கள். 1808. 'லிடியா' என்ற கப்பலில் ஏழு மாதமாகக் கரையையே பார்க்காமல் பசிபிக் கடலுக்கு வருகிறார் ஹார்ன்புளோயர். ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யும் ஒருவனுக்கு உதவ வேண்டும் என்பது உத்தரவு. அவன் தன்னைக் கடவுள் என்று நம்பும் பைத்தியக்காரன். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். ஸ்பானியக் கப்பல் ஒன்றைக் கஷ்டப்பட்டுப் பிடித்து அவனிடம் ஒப்படைக்கிறார். பிறகுதான் செய்தி வருகிறது. ஐரோப்பாவில் நிலைமை தலைகீழாகிவிட்டது, ஸ்பெயின் இப்போது நட்பு நாடு! தான் பிடித்துக் கொடுத்த கப்பலோடே மறுபடியும் சண்டை போட வேண்டும்.

கேட்டு முடிவெடுக்க மேலதிகாரி இல்லை, தொலைபேசி இல்லை. கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். முடிவு தவறினால் ராணுவ நீதிமன்றம். அந்தத் தனிமைதான் நாவலின் உயிர்.

ஹார்ன்புளோயர் வழக்கமான நாயகன் இல்லை. நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பலிலேயே வாந்தி எடுத்தவர். (நெல்சனுக்கே கடல்நோய் கடைசி வரை போகவில்லை.) இசை அவர் காதில் வெறும் இரைச்சல். தலைமுடி கொட்டுவதையும் தொப்பை விழுவதையும் நினைத்து வெட்கப்படுவார். சண்டைக்கு முன் கை நடுங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பின்னால் கட்டிக்கொள்ளும் மனிதர். ஊரே அவரைச் சூரர் என்கிறது. அவருக்கு மட்டும், தான் ஒரு கோழை என்றும், அது இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்றும் உறுதியான நம்பிக்கை. வீட்டிலோ, அம்மை நோய்க்கு இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த துக்கம்.

ராணுவம் திருப்பி அனுப்பிய இளைஞர் எழுதிய நாயகன் இப்படித்தான் இருக்க முடியும். பயமே இல்லாதவனைப் பற்றி எழுத ஃபாரெஸ்டருக்கு ஆர்வமில்லை. பயத்தை மறைத்துக்கொண்டு காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஹார்ன்புளோயரை அவர்கள் தங்களில் ஒருவராக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாசகர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1941 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தார். வழியில் படித்தது ஹார்ன்புளோயர். புத்தகத்தைக் கொடுத்த அமைச்சருக்கு, ஹார்ன்புளோயர் பிரமாதம் என்று தந்தி அடித்தார். மத்தியக் கிழக்கு ராணுவத் தலைமையகத்தில் குழப்பம்! 'ஹார்ன்புளோயர்' என்பது ஏதோ ரகசியத் தாக்குதலின் குறிப்புப் பெயரோ என்று அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால், சர்ச்சில் அந்தப் புத்தகத்தைப் படித்த கப்பல், நான்கே மாதத்தில், 1941 டிசம்பர் 10-ல், மலாயா கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

1940-களில் ஃபாரெஸ்டரின் கால்களை ரத்தக்குழாய் நோய் தாக்கியது. நடமாட்டம் குறைந்தது. ஹார்ன்புளோயர் தொடர்ந்து கடலோடினார். 1966-ல் ஃபாரெஸ்டர் இறந்தபோது ஒரு ஹார்ன்புளோயர் நாவல் பாதியில் நின்றது.

இரண்டு நண்பர்கள்

ஃபாரெஸ்டர் போன பிறகு, அந்த இடத்தை நிரப்ப ஆள் தேடியது ஓர் அமெரிக்கப் பதிப்பகம். தென் பிரான்ஸில் கொலியூர் என்ற கடலோர ஊரில், மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டார்கள். அவர் பேட்ரிக் ஓ'பிரையன். உலகப் புகழ்பெற்ற 'பாப்பியோன்' ஆங்கிலத்துக்கு வந்தது அவர் கையால்தான். 1969-ல் வந்தது அவருடைய 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. ஸ்பீடி - எல் காமோ சண்டையைத்தான் பெயர் மாற்றி அதில் வைத்தார்.

ஆனால், அந்த நாவல் தொடங்குவது சண்டையில் அல்ல, ஒரு கச்சேரியில். 1800 ஏப்ரல், மினோர்கா தீவு. பதவி உயர்வு கிடைக்காத எரிச்சலில் இருக்கும் கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி, இசையில் லயித்துத் தன்னையறியாமல் தாளம் போடுகிறார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடிக்கிறார். அவர் ஸ்டீபன் மேட்டுரின். மருத்துவர், கையில் காசில்லாதவர். வாள்சண்டை வரை போயிருக்க வேண்டிய விவகாரம். மறுநாள் ஜாக்குக்குக் கப்பல் கிடைத்த சந்தோஷத்தில் நட்பாக மாறுகிறது.

அந்த நட்பு 20 நாவல்கள் நீண்டது. ஜாக் பருத்த, சத்தமாகச் சிரிக்கிற, கடலில் மேதையும் கரையில் ஏமாளியுமான மனிதர். ஸ்டீபன் அதற்கு நேர்மாறு. பறவை, பூச்சி என்றால் உயிர். ரகசிய உளவாளி. அபினிக்கு அடிமை. எத்தனை வருடமானாலும் கப்பலில் ஒழுங்காக ஏறத் தெரியாமல் தண்ணீரில் விழுகிறவர். அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால், ராத்திரியானால் கேப்டனின் அறையில் ஜாக்கின் வயலினும் ஸ்டீபனின் செல்லோவும் சேர்ந்து ஒலிக்கும். வெளியே கில்லிக் என்ற பணியாள், காபி கொண்டு வரும்போதே முணுமுணுத்துக்கொண்டிருப்பான். எந்த வீட்டில்தான் ஒரு கில்லிக் இல்லை!

முதல் 20 ஆண்டுகள் இந்த நாவல்களைக் கவனித்தவர்கள் குறைவு. 1990-களில் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்தபோது வாசகர்கள் கூட்டமாக வந்தார்கள். 2003-ல் பீட்டர் வியர் இயக்கத்தில் ரஸ்ஸல் குரோ நடித்த படம் வந்தது. 10 ஆஸ்கர் பரிந்துரைகள், 2 விருதுகள்.

ஓ'பிரையனுக்கு ஒரு சிக்கல் வந்தது. கதையில் காலம் வேகமாக ஓடிவிட்டது. நெப்போலியன் போர் 1815-ல் முடிந்துவிடும். போர் முடிந்தால் நண்பர்களுக்குக் கப்பல் ஏது? அவர் என்ன செய்தார் தெரியுமா? வருடத்தை நீட்டினார். நாட்காட்டியில் இல்லாத மாதங்களைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்வதாக முன்னுரையிலேயே வாசகர்களிடம் சொல்லிவிட்டு, பல நாவல்களை அந்த இல்லாத காலத்துக்குள் நடத்தினார். நண்பர்கள் வயதாகாமல், பிரியாமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று ஒரு மனிதர் வருடத்தையே நிறுத்தி வைத்தார்.

இறங்கிப் போனவர்

அப்படிப்பட்டவரின் சொந்தக் கதை 1990-களின் இறுதியில் பத்திரிகைகளில் வெளியானது. அவரை ஐரிஷ்காரர் என்று உலகம் நம்பியிருந்தது, அவரும் மறுக்கவில்லை. உண்மையில் அவர் 1914-ல் இங்கிலாந்தில் பிறந்த ரிச்சர்டு பேட்ரிக் ரஸ். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. மூன்று வயதில் அம்மாவை இழந்தவர். 1945-ல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார்.

மாற்றியது பெயரை மட்டுமல்ல. அதற்கு முன் அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. மனைவி, ஒரு மகன், முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த ஒரு மகள். 1940-ல் அவர் அந்தக் குடும்பத்திலிருந்து விலகினார். 1942-ல் அந்தக் குழந்தை இறந்தது. வயது மூன்று. வளர்ந்த மகன் பிற்காலத்தில் தந்தையோடு உறவை முறித்துக்கொண்டு, பழைய குடும்பப் பெயருக்கே திரும்பினார். எந்தச் சூழலில், எப்படி விலகினார் என்பதில் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரது இரண்டாவது மனைவியின் மகன் எழுதிய நூல் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறது.

இன்னொன்றும் தெரியவந்தது. பிற்காலத்தில் தன் பாய்மரப் படகில் அவரை அழைத்துப் போன அமெரிக்கர் ஒருவர், பெரியவருக்கு நடைமுறையில் படகு ஓட்டுவது பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதினார். கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் பெயர் சொல்லி எழுதியவர், அவற்றைக் கற்றது பழைய பயணக் குறிப்பேடுகளிலிருந்தும் கடற்படை ஆவணங்களிலிருந்தும்தான்.

கயிறு விஷயத்தை வாசகர்கள் சுலபமாக மன்னித்துவிட்டார்கள். குடும்ப விஷயம் அப்படியல்ல. இறங்கிப் போக முடியாத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதைப் பற்றி இவரைவிட அழகாக எழுதியவர்கள் குறைவு. ஆனால், அவரே ஒரு வீட்டிலிருந்து இறங்கிப் போனவர். இதை என்ன செய்வது?

எழுத்து வேறு, ஆள் வேறு என்று சொல்லிவிடலாம். அல்லது, எல்லாம் வேஷம் என்று புத்தகத்தைத் தூக்கி வைத்துவிடலாம். இரண்டுமே வசதியான பதில்கள். புத்தகங்களோ அவ்வளவு வசதியாக இல்லை.

1973-ல் வந்த 'ஹெச்.எம்.எஸ். சர்ப்ரைஸ்' நாவலில் கப்பல் பம்பாய்க்கு வருகிறது. தெருவில் திரியும் தில் என்ற ஏழைச் சிறுமி, ஸ்டீபனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். அவளுக்கு வெள்ளி வளையல் மீது ஆசை. ஸ்டீபன் வாங்கித் தருகிறார். அந்த வளையலுக்காகவே அவள் கொல்லப்படுகிறாள். அன்பினால் கொடுத்த பொருளே அவள் உயிரைக் குடித்தது. அவளை எரிக்கக்கூட விறகுக்குக் காசில்லை. ஸ்டீபனே ஏற்பாடு செய்து கடற்கரையில் ஈமச்சடங்கை நடத்துகிறார். சாகச நாவல் படிக்க வந்த வாசகர், அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார்.

பிறகு 1994-ல், எண்பதை எட்டும் வயதில் எழுதிய 'தி கமடோர்'. நீண்ட பயணம் முடிந்து ஸ்டீபன் வீடு திரும்புகிறார். தான் இதுவரை பார்த்தேயிராத மகள் அங்கே இருக்கிறாள். பேச மாட்டாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டிருக்கிறாள். ஸ்டீபனின் வேலையாள் பதீன், தானே வாய் குழறுகிற மனிதர். அவரோடு அந்தக் குழந்தை ஒட்டிக்கொள்கிறது. மெல்ல மெல்ல, அவருடைய ஐரிஷ் மொழியில், பேச ஆரம்பிக்கிறது.

நோயுற்ற மகள், திரும்பி வரும் தந்தை. இதை எழுதும்போது அந்த முதியவர் எதை நினைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொன்னதில்லை. கதையில் தந்தை வீடு திரும்பிவிட்டதால் வாழ்க்கையில் நடந்தது மாறிவிடாது. அந்த மகனுக்கோ, அந்த முதல் மனைவிக்கோ இந்த நாவல் ஈடாகாது. ஆனால், வீட்டை விட்டுப் போவதன் விலை அவருக்குத் தெரியாமல் இருந்தது என்று மட்டும் இதைப் படித்த பிறகு சொல்ல முடியாது.

ஜாக் ஆப்ரியையும் அவர் தப்பவிடவில்லை. கடலில் எல்லோரையும் காக்கும் ஜாக், கரையில் கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிகிறார். மனைவி சோஃபி கடிதத்துக்காகக் காத்திருந்தே இளமையைக் கழிக்கிறாள். பல மாதங்கள் கழித்து வாசலில் வந்து நிற்கும் அப்பா, பிள்ளைகளுக்கு யாரோ ஒரு பெரிய மனிதர். கப்பலில் நல்ல குடும்பத் தலைவன், வீட்டில் விருந்தாளி. இது அந்தக் காலத்து மாலுமிகளுக்கு மட்டும் நேர்ந்த கதையா என்ன?

கரையில் காத்திருந்தவர்கள்

கரைப் பக்கத்தை நேரில் பார்த்த ஓர் எழுத்தாளர் உண்டு. ஜேன் ஆஸ்டின். அவருடைய சகோதரர்கள் ஃபிரான்சிஸ், சார்லஸ் இருவரும் கடற்படை அதிகாரிகள். அவருடைய 'பெர்சுவேஷன்' நாவலில், ஒன்றுமில்லாதவன் என்று நிராகரிக்கப்பட்ட இளைஞன், எதிரிக் கப்பல்களைப் பிடித்த பரிசுப் பணத்தோடு எட்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். குண்டுச் சத்தம் இல்லாமல், வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதப்பட்ட கடற்படைக் கதை அது. ஓ'பிரையனின் பெரிய ஆதர்சம் ஆஸ்டின்தான். சகோதரர் சார்லஸ் ஆஸ்டின், 1852-ல், இரண்டாவது பர்மாப் போரின்போது காலராவில் இறந்தார். அவருடைய கல்லறை இருப்பது இலங்கையின் திருகோணமலையில்.

இந்த வீரர்கள் வந்து போன கரைகளில் நம்முடையதும் ஒன்று. நெல்சன் பதின்பருவச் சிறுவனாக 1774-ல் மதராஸுக்கு வந்தார். இந்தியக் கடல்களில் இருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பலை, மலபார் தேக்கில், பம்பாயின் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் 1817-ல் கட்டி முடித்தார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது மிதந்துகொண்டிருக்கிறது.

எனவே, இந்த நாவல்களை இங்கிருந்து படிப்பவர்கள் ஒன்றை மறக்க முடியாது. அந்தப் பீரங்கிகளின் முன்பக்கத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். நாயகர்கள் காவல் காத்த வணிகக் கப்பல்களில் போனது யாருடைய செல்வம் என்ற கேள்வி இருக்கிறது. நல்ல நாவல்கள் அந்தக் கேள்வியை மூடி வைப்பதில்லை. ஸ்டீபன் மேட்டுரின் பேரரசுகளை வெறுப்பவர். 'தி கமடோர்' கதையில் கப்பல்கள் போவது ஆப்பிரிக்கக் கரைக்கு, அடிமை வணிகத்தைத் தடுக்க.

எதில் தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் படிக்கப் பழகியவர்கள் ஹார்ன்புளோயரில் தொடங்கலாம். 1950-ல் வந்த 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஹார்ன்புளோயர்', 17 வயதுப் பையனாக அவர் முதன்முதலில் கப்பலேறும் கதை. தனித்தனிச் சிறுகதைகள் போல இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம். ஓ'பிரையன் கொஞ்சம் பொறுமை கேட்பார். கயிறுகளின் பெயர் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்டீபனுக்கும் கடைசி வரை புரியவில்லை! படத்தை முதலில் பார்த்துவிட்டால் இன்னும் சுலபம்.

1998-ல் ஓ'பிரையனின் இரண்டாவது மனைவி இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து தந்தவர், அரை நூற்றாண்டுக்கும் மேல் உடனிருந்தவர். ரகசியங்கள் பத்திரிகையில் வந்த காலமும் அதுதான். அந்த நிலையிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 2000-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி, டப்ளினில், 85 வயதில் இறந்தார். 21-வது நாவல் பாதியில் நின்றது. அந்தப் பாதியையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். ஜாக்கும் ஸ்டீபனும் அதில் இன்னும் கடலில்தான் இருக்கிறார்கள்.

அவர்கள் அங்கேயே இருப்பார்கள், அவசரமில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது கூப்பிட்டால், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னவென்று கேட்டுவிட்டு வாருங்கள்.